கையைத் தூக்கச் சொல்லாதீர்கள், சீட்டைக் கொடுங்கள்

சிங்கப்பூரில் உள்ள எங்கள் சங்கத்தின் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சென்ற வாரம் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். இனி நிர்வாகிகள் தேர்தலுக்கு ரகசிய வாக்கெடுப்பு கிடையாது. செயற்குழு நியமிக்கும் ஒரு தேர்வுக்குழு பெயர்ப் பட்டியல் தயாரிக்கும். உறுப்பினர்கள் பொதுக்கூட்டத்தில் கை தூக்கி அதை ஏற்பார்கள். தூக்கிய கைகளைச் செயலாளர் எண்ணுவார். காரணம் ஒரே வரியில் இருக்கிறது: தேர்தலால் வரும் மனக்கசப்பைத் தவிர்த்து ஒற்றுமையைக் காக்க.

இந்த விதித்திருத்தத்தை நான் ஏற்கவில்லை. நேரில் வந்தும் சொன்னேன். "ஐயா, முதல்ல டீ குடிங்க, அப்புறம் பேசலாம்" என்றீர்கள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதனால்தான் உறுப்பினர்கள் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மனக்கசப்பு இருப்பது உண்மை. அது தேர்தலால் வந்ததா, தேர்தலை நாம் நடத்திய லட்சணத்தால் வந்ததா? இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். வாக்குச்சீட்டு என்று கையில் கொடுத்தது, நகலெடுத்த தாளை நான்காக வெட்டிய துண்டு. மொத்தம் எத்தனை துண்டு வெட்டினோம் என்ற கணக்கு யாரிடமும் இல்லை. பெட்டிக்குப் பதில் ஒரு பழைய பிஸ்கட் டின். அது காலியாக இருக்கிறதா என்று யாரும் திறந்து காட்டவில்லை. சாப்பாட்டு நேரம் வந்ததும் டின் உள்ளறைக்குப் போனது, கதவு சாத்திக்கொண்டது. நாங்கள் வெளியே பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். (பிரியாணியில் குறையில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.) கதவு திறந்தபோது முடிவு தயாராக இருந்தது.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் 143 பேர். செயலாளர் பதவிக்கு நீங்கள் அறிவித்த வாக்குகளைக் கூட்டினால் 161 வந்தது. எழுந்து கேட்டேன். "பதினெட்டு ஓட்டுத்தானே ஐயா, வித்தியாசம் முப்பதுக்கு மேல, யார் ஜெயிச்சாங்கங்கிறது மாறப்போறதில்ல" என்று பதில் வந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். நானும் உட்கார்ந்துவிட்டேன். அப்படி உட்கார்ந்தது என் தவறு.

அன்று தோற்ற வேட்பாளர் என் பழைய மாணவி. பத்து வருடம் சங்கத்துக்காக நாற்காலி அடுக்கியதிலிருந்து மேடை நிகழ்ச்சி எழுதியது வரை எல்லாம் செய்தவர். அதற்குப் பிறகு ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. அவரோடு இருந்த இளையர்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். சில மாதம் கழித்து தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது பார்த்தேன். "சார், தோத்தது பரவாயில்ல. நிஜமாவே தோத்தேனான்னுதான் தெரியல" என்றார்.

நீங்கள் சுற்றறிக்கையில் சொல்லும் மனக்கசப்பு இதுதான். தேர்தலில் ஜெயித்தவரை நம்பவைக்க யாரும் பாடுபட வேண்டியதில்லை, அவர் மாலை போட்டதுமே நம்பிவிடுவார். பெட்டி, முத்திரை, எண்ணிக்கை, சாட்சி என்று இத்தனை ஏற்பாடும் தோற்றவருக்காக. அவர் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று, "சரி, தோத்துட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டும். என் மாணவிக்கு அந்த மரியாதையை நாம் கொடுக்கவில்லை.

நான் இதை ஏட்டில் படித்துவிட்டுப் பேசவில்லை. அரசாங்கப் பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில் பொதுத்தேர்தல் பணிக்கு என்னைப் பலமுறை அழைத்திருக்கிறார்கள். எந்த ஆண்டு, எந்தத் தொகுதி என்று சொல்லமாட்டேன். ரகசியம் காப்பதாக உறுதிமொழி எடுத்தவன். எல்லாருக்கும் தெரிந்த நடைமுறையை மட்டும் சொல்கிறேன். காலை எட்டு மணிக்கு வாக்களிப்பு தொடங்குவதற்கு முன், காலிப் பெட்டியை வேட்பாளர்களின் முகவர்களிடம் காட்டி, அவர்கள் கண்முன்னே மூடி முத்திரை வைப்போம். விரும்பினால் அவர்களும் தங்கள் முத்திரையை வைக்கலாம். இரவு எட்டு மணிக்குப் பெட்டியின் வாயை அடைத்து மறுபடி முத்திரை வைப்போம். வாக்கு எண்ணும் நிலையத்துக்குப் பெட்டி போலீஸ் காவலோடு போகும். அங்கே முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் திறப்பார்கள். மேசையில் கொட்டியதும் பெட்டியைத் தூக்கி, உள்ளே ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்று காட்டுவார்கள்.

அப்புறம் செல்லுமா செல்லாதா என்ற பஞ்சாயத்து. கட்டத்துக்குள் சிரித்த முகம் வரைந்து வைத்திருப்பார்கள், டிக் போட்டிருப்பார்கள். யாருக்கு என்பது தெளிவாகத் தெரிந்தால் அது செல்லும். வாக்காளர் யார் என்று காட்டிக்கொடுக்கும்படி பெயர் எழுதியிருந்தால் செல்லாது. ஒவ்வொன்றையும் இரு தரப்பு முகவரும் பார்ப்பார்கள், வாதாடவும் செய்வார்கள். ஒருமுறை தோற்கும் தரப்பில் ஒரு சீன மாமா முகவராக வந்திருந்தார். இரவு முழுக்க மேசைக்கு மேசை நடந்தார். ஒரு சீட்டுக் கட்டைக் கூட விடவில்லை. தன் கட்சி தோற்கிறது என்பது பத்தரை மணிக்கே அவருக்குத் தெரியும். ஆனாலும் கடைசிக் கட்டு வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கி, "கேன், கேன்" என்றார், சரிதான் என்று அர்த்தம். அந்த மனிதரின் முகத்தையும் தேக்காவில் பார்த்த என் மாணவியின் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

"பதினெட்டு ஓட்டுத்தானே" என்றீர்கள். 2011 அதிபர் தேர்தலில் 2.1 மில்லியன் வாக்குகளுக்கு மேல் பதிவாயின. ஜெயித்த டோனி டானுக்கும் அடுத்து வந்த டான் செங் போக்குக்கும் இடையிலான வித்தியாசம் 7,382 வாக்குகள், அதாவது அரை விழுக்காட்டுக்கும் குறைவு. எல்லாவற்றையும் மறுபடி எண்ணினார்கள். அதே ஆண்டுப் பொதுத்தேர்தலில் பொத்தோங் பாசிர் தொகுதி 114 வாக்குகளில் கைமாறியது. எங்கள் புளோக்கில் ஒரு மாடியில் இருப்பவர்களைக் கூட்டினால் கிட்டத்தட்ட அத்தனை பேர் வருவார்கள். பதினெட்டைக் கூடக் கணக்கில் எடுக்காதவர்களிடம் இன்றைக்குக் கைகளை எண்ணும் வேலையை எப்படிக் கொடுப்பது?

கை தூக்குவதற்கு வருகிறேன். நம் நாட்டில் வாக்குச்சீட்டில் வரிசை எண் இருப்பதைப் பார்த்து மூத்தவர்கள் பலருக்கு ஒரு பயம். என் மாமியார் கடைசி வரைக்கும் சொல்வார்: "நம்பர் இருக்குல்ல, யாருக்குப் போட்டோம்னு கண்டுபிடிச்சிடுவாங்க." கள்ளச்சீட்டைத் தடுக்கத்தான் அந்த எண், தேர்தல் முடிந்ததும் சீட்டுகளையும் அடிக்கட்டைகளையும் முத்திரையிட்டு உச்ச நீதிமன்றத்தில் ஆறு மாதம் பூட்டி வைத்து, பிறகு எரித்துவிடுகிறார்கள், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரும் திறக்க முடியாது என்று எத்தனையோ முறை விளக்கினேன். தலையாட்டுவார், நம்பமாட்டார். பார்த்துவிடுவார்களோ என்ற எண்ணமே போதும், கை தானாக வேறு கட்டத்துக்குப் போய்விடும். எண்ணுக்கே அவ்வளவு பயம் என்றால், செயலாளர் எதிரில் நின்று தலையை எண்ணும்போது யார் கையைக் கீழே வைத்துக்கொண்டிருப்பார்?

நம் சங்கத்தில் யார் யாரிடம் வேலை பார்க்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்களில் ஒருவரின் தொழிலில் வேலை செய்யும் ஒரு தம்பி, சென்ற முறை ஒரு தீர்மானத்துக்குக் கை தூக்கியதைப் பார்த்தேன். முதலில் முதலாளியைப் பார்த்தார், பிறகுதான் கை மேலே போனது. அவரைக் குறை சொல்லமாட்டேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள், வேலை பெர்மிட்டில் இருப்பவர். அவர் கையைத் தூக்கியதை வாக்கு என்று நான் எண்ணமாட்டேன். இங்கிலாந்தில் 1872 வரை வாக்காளர் எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லித்தான் வாக்களித்தார். நிலச்சுவான்தார் பக்கத்தில் நிற்கும்போது குத்தகைக்காரர் வேறு யார் பெயரைச் சொல்வார்? ஆஸ்திரேலியாவில் விக்டோரியா அதற்கு முன்பே, 1856இல், ரகசியச் சீட்டுக்கு மாறிவிட்டது. உலகம் நூற்றைம்பது வருடத்துக்கு முன் கைகழுவிய பழக்கத்தை நீங்கள் புதுத் திருத்தம் என்று கொண்டுவருகிறீர்கள்.

அடுத்தது, "ஒருமனதாகத் தேர்வு" என்ற ஆசை. இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு, கொஞ்சம் கசப்பானது. நான் மலேசியாவின் ஜொகூரிலிருந்து வந்து 1990இல் குடியுரிமை பெற்றவன். வீடு அமைந்தது தஞ்சோங் பகார் குழுத்தொகுதியில், அதாவது பல வேட்பாளர்கள் ஓர் அணியாக நிற்கும் தொகுதியில். 1991, 1997, 2001, 2006, 2011 என்று ஐந்து பொதுத்தேர்தலிலும் அங்கே போட்டி இல்லை. அதிபர் தேர்தலில் 1993இலும் 2011இலும் வாக்களித்தேன். ஆனால் நாடாளுமன்றத்துக்கு ஒரு வாக்குக் கூடப் போட்டதில்லை. மற்றவர்கள் தொகுதிக்குப் போய் நாள் முழுக்க சீட்டுக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்புவேன். "பந்தி பரிமாறுறவருக்கு இலை இல்ல" என்று மனைவி கிண்டல் செய்வார். 2015 செப்டம்பர் 11ஆம் தேதிதான் முதல் முறை. அதற்குள் தலையில் நரைக்காத முடி இல்லை. சீட்டைப் பெட்டிக்குள் போடும்போது கை லேசாக நடுங்கியது. கூட வந்த மனைவி பார்த்துவிட்டார், நல்ல வேளை, ஒன்றும் சொல்லவில்லை.

2025 மே 3ஆம் தேதி நடந்த பொதுத்தேர்தலில் மரீன் பரேட் - பிராடல் ஹைட்ஸ் குழுத்தொகுதிக்கும் அதே நிலை. ஐந்து இடங்களும் போட்டியில்லாமல் போயின. 2011க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. அங்கே இருக்கும் என் தங்கை போன் செய்தாள்: "அண்ணே, ஊரெல்லாம் வரிசைல நிக்குது, எனக்கு லீவு மட்டும்தான்." போட்டியில்லாமல் ஜெயிப்பதில் சட்டப்படி குற்றம் இல்லை. எதிர்த்து நிற்க ஆள் இல்லையென்றால் வேறு வழியும் இல்லை. ஆனால் நிற்க ஆள் இருக்கும்போதே நிற்க இடம் இல்லாமல் செய்துவிட்டு, அதற்கு ஒற்றுமை என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியாது. எத்தனை பேர் உங்களை விரும்புகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியாமல் போகும். அது தலைவருக்கும்தான் நஷ்டம்.

2011இல் தஞ்சோங் பகாரில் ஏன் போட்டி இல்லை என்பது தெரியுமா? சுயேச்சையாக நிற்க ஓர் அணி வந்தது. வேட்புமனு தாக்கல் செய்ய கெடு பகல் 12 மணி. அவர்கள் 35 விநாடி தாமதமாக வந்தார்கள், வாங்க மறுத்துவிட்டார்கள். என் வாக்கு அந்த 35 விநாடியில் போனது. அன்று எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. ஆனால் கடிகாரத்தின் மீது எனக்கு வழக்கில்லை. பன்னிரண்டு மணி என்பது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும், எல்லாருக்கும் அதே பன்னிரண்டு. நம் சங்கத்தில்? வேட்புமனுப் படிவம் செயலாளரின் கைப்பையில் இருந்தது. இளைஞர் பிரிவுத் தம்பி ஒருவர் கெடு நாளன்று இரவு ஏழு மணிக்கு வந்தபோது "நேரம் முடிஞ்சிடுச்சு" என்று திருப்பி அனுப்பினீர்கள். உங்கள் அணியைச் சேர்ந்தவருக்கு மூன்று நாள் கழித்தும் வாங்கிக்கொண்டீர்கள். கெடு கடுமையாக இருப்பதைத் தாங்கிக்கொள்ளலாம், ஆளுக்கு ஒரு கெடு வைப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

நாட்டுத் தேர்தலில் குறையே இல்லை என்று நான் சான்றிதழ் கொடுக்க வரவில்லை. தேர்தல் துறை பிரதமர் அலுவலகத்தின் கீழ் இருப்பதும், 2025இல் மார்ச் 11 வெளியான புதிய தொகுதி எல்லைகளோடு மே 3 வாக்களிப்புக்குப் போனதும் விவாதத்துக்கு உரியவைதான். வீட்டில் என் மகனோடு அந்தச் சண்டை நடந்துகொண்டேதான் இருக்கிறது. பெட்டி நேர்மையாக இருந்தாலும் அதற்கு முன்னால் நடப்பதும் நேர்மையாக இருக்க வேண்டும் என்பது அவன் கட்சி. அதில் அவன் சொல்வது சரி. நமக்கும் அது பொருந்தும். சென்ற தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு அறுபது பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், சந்தா மொத்தமும் ஒரே காசோலையில் வந்தது என்று பொருளாளரே ஒரு கல்யாண வீட்டில் சொன்னார். உறுப்பினர் பட்டியலைப் பார்க்கக் கேட்டேன், தனிப்பட்ட தகவல் என்று மறுத்தீர்கள். நாட்டின் வாக்காளர் பட்டியலையே திருத்தும்போதெல்லாம் மக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள், பெயர் விடுபட்டால் கோரிக்கையும் தவறான பெயர் இருந்தால் ஆட்சேபமும் சொல்லலாம். நம் நானூறு பேரின் பெயரில் அப்படி என்ன ரகசியம்?

ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் தலைவர் குடவோலை முறையைப் பற்றிப் பேசுகிறார். உலகுக்கே தேர்தலைக் கற்றுக்கொடுத்தவன் தமிழன் என்று முடிப்பார், கைதட்டல் விழும். ஆசிரியன் என்ற முறையில் ஒரு திருத்தம்: முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்வது, நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களுக்குள் நடந்த சீட்டுக் குலுக்கல். அதை இன்றைய மக்களாட்சி என்று மார்தட்ட முடியாது. ஆனால் தலைவர் மேடையில் விட்டுவிடும் பகுதிதான் எனக்குப் பிடித்த பகுதி. வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக்கூடாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கக்கூடாது. முந்தைய மூன்று ஆண்டில் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன். அவன் எடுத்த ஓலையை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். மடித்த விரலுக்குள் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக்கூடாது என்று ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் யோசித்திருக்கிறார். நாமோ உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினோம்.

இது சின்னச் சங்கம், நாடாளுமன்றம் இல்லை, இவ்வளவு சடங்கு எதற்கு என்பீர்கள். சின்ன இடத்தில்தான் இது அதிகம் வேண்டும். தொகுதியில் தோற்றவரும் ஜெயித்தவரும் எதிர் எதிர் புளோக்கில் இருந்தாலும் பேசாமல் காலத்தை ஓட்டிவிடலாம். நாம் அடுத்த வாரம் கோயிலில் ஒரே வரிசையில் பிரசாதம் வாங்க வேண்டும். செலவும் பெரிதில்லை. நான்கு பக்கமும் தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் எண் போட்ட சீட்டும் கொஞ்சம் நாடாவும் சேர்ந்தால் நாம் சாப்பிட்ட பிரியாணியில் நான்கு தட்டு விலை வராது.

ஆகவே கேட்கிறேன். இந்த விதித்திருத்தத்தை வரும் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுக்க மனமில்லை என்றால், அதை ஏற்பதா வேண்டாமா என்பதையாவது ரகசியச் சீட்டில் கேளுங்கள். கை தூக்கும் முறையைக் கை தூக்கியே கொண்டுவராதீர்கள். விதித்திருத்தத்துக்குச் சங்கப் பதிவாளரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்று நம் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. பொதுக்கூட்டத்தில் எத்தனை பேர் ஆதரித்தார்கள், எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்ற எண்ணிக்கையோடுதான் அந்த விண்ணப்பம் போக வேண்டும்.

வாக்குரிமை உள்ள உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலைக் கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே சங்க அறையில் ஒட்டுங்கள். முகவரியும் தொலைபேசி எண்ணும் வேண்டாம், பெயரும் சேர்ந்த தேதியும் போதும். கெடுவுக்குப் பிறகு சேர்ந்தவர்கள் அடுத்த முறை வாக்களிக்கட்டும். வேட்புமனுப் படிவத்தைக் குழுவில் எல்லாருக்கும் அனுப்புங்கள், ஒரே கெடு வையுங்கள். போட்டியிடாத ஒருவரை, முடிந்தால் வேறு சங்கத்திலிருந்து, தேர்தல் அதிகாரியாகப் போடுங்கள். சீட்டு எத்தனை அடித்தோம், எத்தனை கொடுத்தோம், எத்தனை மிச்சம் என்று எழுதி வையுங்கள். காலிப் பெட்டியைக் காட்டுங்கள். மண்டபத்திலேயே எண்ணுங்கள், ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். சாப்பாடு அதற்குப் பிறகு.

சென்ற தேர்தலின் 161 சீட்டுகள் இன்னும் இருந்தால், என் மாணவி முன்னிலையில் அவற்றை ஒருமுறை எண்ணுங்கள். தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்றால், எப்போது, யார் சொல்லி என்று அவருக்கு எழுதுங்கள்.

பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம், டீக்கும் கூப்பிட வேண்டாம். சுற்றறிக்கை வந்த அதே வாட்ஸ்அப் குழுவில், பொதுக்கூட்டத்துக்குப் பதினான்கு நாள் முன்பாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியன், ஆயுள் உறுப்பினன்